தேயிலைத் தோட்டத்து நடுவே ஒரு துண்டுச்சோலை: அங்குள்ள புதர்த்தவளையைக் காப்பது எப்படி?

கேள்வி இது: வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறத்தாழ 10 ஹெக்டேர் சோலை மிஞ்சியிருக்கிறது. அதில் அருகிவரும் புதர்த்தவளை இருப்பதாக ஆய்வுக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தோட்ட நிர்வாகத்துக்கு உதவ மனம் இருக்கிறது. குளம் வெட்டலாமா, பிடித்து வளர்த்துப் பெருக்கி விடலாமா, மரம் நட்டால் போதுமா?

சுருக்கமாகச் சொன்னால் குளம் வேண்டாம், பிடித்து வளர்க்கவும் வேண்டாம். மரம் நடலாம், ஆனால் சோலைக்குள் அல்ல, அதன் விளிம்பில். செலவே இல்லாத சில வேலைகள் மரம் நடுவதற்கும் முன்னால் வருகின்றன. ஏன் என்று புரிய, இந்தத் தவளை எங்கே முட்டையிடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளில் பெரும்பாலானவை ராவோர்கெஸ்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தியத் தவளை ஆய்வின் முன்னோடி சி.ஆர். நாராயண ராவ் நினைவாக 2010இல் வைத்த பெயர். இவற்றுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான இலைச்சருகிலோ, மண்ணிலோ, இலைப்பரப்பிலோ கொஞ்சம் முட்டைகளை இடும். தலைப்பிரட்டையாக இருக்க வேண்டிய காலம் முட்டைக்குள்ளேயே கழிந்து, நான்கு கால்களோடு குட்டித் தவளை வெளியே வரும். முட்டைக்கு ஓடு கிடையாது, மேலே இருப்பது வெறும் பசைப்படலம். பொரியும்வரை சில வாரங்களுக்கு அது காயாமல் இருக்க வேண்டும், அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. தேரை மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, பத்து பிழைத்தால் போதும் என்று இருக்கிற பிராணி இல்லை இது. ஒரு தடவை இட்ட முட்டைத்தொகுதி காய்ந்தால் அந்தப் பெண் தவளையின் அந்தப் பருவத்து முயற்சியில் பெரும்பங்கு போயிற்று.

உங்கள் பகுதிக்கே உரிய உதாரணம் சுஷில் புதர்த்தவளை. 2009இல் தவளை ஆய்வாளர்கள் பிஜு, போசுய்ட் இருவரும் புதிய இனமாக விவரித்தது. வால்பாறையை ஒட்டிய ஆண்டிப்பாறைச் சோலைதான் அதன் மூல இடம், அதாவது இனத்தை விவரிக்க மாதிரி எடுத்த இடம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் செம்பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று சேர்க்கப்பட்டது. இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். மூணாறு, வால்பாறைப் பகுதிகளில் தென்படும் கிரீட் புதர்த்தவளையும் இதே நிலையில் சேர்க்கப்பட்டது. பரவல் எல்லை சிறிது, வாழிடமும் துண்டுபட்டது என்பதால்தான் இவை பட்டியலில் ஏறின. எனவே உங்கள் 10 ஹெக்டேர் என்பது ஏதோ ஒரு மூலைக்காடு இல்லை, அந்த இனத்துக்கு மிஞ்சியிருக்கும் இடங்களில் எண்ணத்தக்க ஒன்றாக இருக்கலாம். ஆனால் முதலில் எந்த இனம் என்று உறுதியாக வேண்டும். இந்தப் பேரினத்தில் நிறத்தை நம்பவே கூடாது. ஒரே இனத்துக்குள் பச்சை, பழுப்பு, கோடு, புள்ளி என்று பல வேடம். கத்தும் ஒலிப்பதிவும் மரபணு மாதிரியும்தான் முடிவு சொல்லும். புகைப்படத்தை வைத்து ‘இதுதான்’ என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

குளத்துக்கு வருகிறேன். தவளை என்றதும் குளம் என்று தோன்றுவது இயல்பு, தோட்டங்களில் நல்லெண்ணத்தோடு செய்கிற முதல் வேலையும் அதுவாகத்தான் இருக்கிறது. தலைப்பிரட்டை இல்லாத தவளைக்குக் குளத்தில் வேலையில்லை. போதாததற்கு, குளம் வெட்ட மரத்தை எடுக்கும்போது கிளைகள் கூடிய மேல்விதானம் திறந்து வெயில் இறங்கும், சுற்றியுள்ள சருகு காயும். திறந்த நீர்நிலையைத் தேடி வயல்வெளித் தவளைகளும் சாதாரணத் தேரையும் வரும், பின்னாலேயே நீர்ச்சாரையும் வரும். கொசுவுக்கென்று யாராவது கம்பூசியா மீனை விட்டால், அது வழிந்து ஓடைக்குப் போய் அங்குள்ள மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் தின்னும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனைமலைப் பறக்கும் தவளை தேங்கிய நீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக்கூடு கட்டும். பொரித்ததும் தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும். அதற்குக் குட்டை வேண்டும். உங்கள் இடத்தில் பழைய தண்ணீர்த்தொட்டியோ மழைக்குட்டையோ ஏற்கெனவே இருந்தால் அதை மூடாதீர்கள், மேலே சாய்ந்த கிளைகளை வெட்டாதீர்கள், மீன் விடாதீர்கள். புதிதாக ஒன்று வேண்டுமென்றே தோன்றினால் சோலைக்கு வெளியே, ஏலமோ காப்பியோ இருக்கிற நிழலில் வையுங்கள். ஓடையில் வாழும் நடனத்தவளைகளுக்கும் ராத்தவளைகளுக்கும் ஓடும் நீர்தான் தேவை, ஆகவே ‘நீர் சேமிப்பு’ என்று ஓடையில் தடுப்பணை கட்டுவதும் அவற்றுக்குக் கெடுதலே.

ஒரு தவளை எவ்வளவு குறுகிய தேவையோடு வாழும் என்பதற்குக் களக்காடு–முண்டந்துறையின் வெண்புள்ளிப் புதர்த்தவளையைப் பார்க்கலாம். 1876இல் விலங்கியலாளர் குந்தர் விவரித்தது. பிறகு நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை, 2011இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கே.எஸ். சேஷாத்ரி குழுவினர் அதன் இனப்பெருக்கத்தைப் பின்தொடர்ந்து பார்த்தபோது தெரிந்தது: அது ஓக்லாண்ட்ரா என்ற நாணல்மூங்கிலின் கணுவிடைக் குழாய்க்குள் முட்டையிடுகிறது. மூங்கிலை அது தானே துளைக்க முடியாது. பூச்சியோ எலி வகையோ போட்டுவிட்டுப் போன, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கீறல் அந்தக் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். ஆண் தவளை உடம்பை நெருக்கி அந்தக் கீறல் வழியே நுழைந்து உள்ளிருந்து கத்தும். பெண் வந்து ஐந்து முதல் எட்டு முட்டை இட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுக்க ஆணுடையது. ஆணை அகற்றிப் பார்த்த சோதனையில் முட்டைகள் பெருமளவு அழிந்தன. தின்றது பாம்போ பல்லியோ அல்ல, பெரும்பாலும் அதே இனத்தின் வேறு ஆண் தவளைகள்.

மழைக்காலத்தில் அந்த மூங்கிலை வெட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. காடு அப்படியே நிற்கும், செயற்கைக்கோள் படத்தில் பச்சை குறையாது, தவளை மட்டும் இருக்காது. உங்கள் சோலையில் நாணல்மூங்கில் இருந்தால் மழைமாதங்களில் கைவைக்காதீர்கள். கோடையில் வெட்டினாலும் கீறல் உள்ள கழிகளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி விளிம்புக் கணக்கு. துண்டுச்சோலையில் பிரச்சினையே இதுதான். 10 ஹெக்டேர் சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 316 மீட்டர். வெயிலும் காற்றும் உள்ளே 50 மீட்டர் வரை பாதிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மிஞ்சுவது 216 மீட்டர் சதுரம், அதாவது 4.7 ஹெக்டேர். பாதிகூட இல்லை. அதே 10 ஹெக்டேர் 100 மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமுமான பட்டையாக இருந்தால் நடுப்பகுதி பூஜ்யம், காடு முழுவதுமே விளிம்பு. மலைத்தோட்டங்களில் சோலை பெரும்பாலும் ஓடைப் பள்ளத்தை ஒட்டி நீளவாக்கில்தான் மிஞ்சியிருக்கும் என்பதால் இரண்டாவது நிலை அரிதல்ல.

50 மீட்டர் என்பது கணக்குக்குச் சொன்னது. உங்கள் இடத்தில் எவ்வளவு என்பதை அளந்துவிடலாம். வெப்பமும் ஈரப்பதமும் தானாகப் பதியும் சிறு லாகர்கள் ஐந்து போதும். விளிம்பில் ஒன்று, உள்ளே 10, 25, 50, 100 மீட்டரில் ஒவ்வொன்று, எல்லாம் தரையிலிருந்து ஒரே உயரத்தில், அரை மீட்டர் அளவில். மேலே நேர் வெயிலும் மழையும் படாமல் ஒரு வெள்ளைக் கவிழ்ப்பு. அரைமணிக்கு ஒரு பதிவு. மழைக்காலத்தில் அளந்தால் எல்லா இடமும் ஒன்றுபோல் நனைந்திருக்கும், ஒன்றும் தெரியாது. பிப்ரவரி, மார்ச்சில் பிற்பகல் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை பதிவாகும் ஈரப்பதம்தான் முக்கியம். எந்தத் தூரத்துக்கு அப்பால் அது உள்பகுதியோடு ஒத்துப்போகிறதோ அதுவே உங்கள் விளிம்பின் ஆழம். இது தெரிந்தால், விளிம்பில் எந்தப் பக்கத்தை முதலில் மூட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் பிற்பகல் வெயில் படும் மேற்கு, தென்மேற்குப் பக்கமாக இருக்கும்.

மூடுவது என்றால் மரம் நட்டு ஒரு திரை எழுப்புவது. 300 மீட்டர் நீளத்துக்கு 10 மீட்டர் அகலப் பட்டை என்றால் 3,000 சதுர மீட்டர். 2 மீட்டர் இடைவெளியில் 750 கன்று. பட்டுப்போனதற்கு மறுநடவாக இன்னும் 150 கையில் இருக்கட்டும். வெளி வரிசைகளில் வெயில் தாங்கி விரைந்து வளரும் வட்டக்கண்ணி போன்ற முன்னோடி மரங்கள். உள்வரிசையில், ஏற்கெனவே இருக்கும் மரங்களின் நிழலை ஒட்டி, வெடிப்பலா, பாலி, நாங்கு, கருங்குங்கிலியம், நாவல் வகைகள், ருத்திராட்சம். ஆனைமலையின் நடு உயர மழைக்காடு வெடிப்பலா, நாங்கு, பாலி மரங்களால் ஆனது, ஆகவே எதை நட வேண்டும் என்பதைப் பக்கத்துச் சோலையே சொல்லிவிடும். இந்த வரிசையை மாற்றி, நிழல்மரக் கன்றுகளை வெட்டவெளியில் நடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஜூனில் நட்டபோது அழகாக இருக்கும், மார்ச்சில் இலை கருகி நிற்கும், ‘மழைக்காட்டு மரம் வராது சார்’ என்ற முடிவுக்கு வந்து, தேயிலைக்கு நிழலாக நடும் அந்நிய மரமான சில்வர் ஓக்குக்குப் போய்விடுவார்கள்.

மழைக்காட்டு விதைகள் சேமித்து வைக்கக் கூடியவை அல்ல. பலவும் சில நாட்களிலோ வாரங்களிலோ முளைப்புத்திறனை இழந்துவிடும். பொறுக்கிய உடனே விதைக்க வேண்டும். சோலைக்குள் விழுந்ததை எடுக்காதீர்கள், அது அந்த இடத்துச் சொத்து. சாலையோரத்தில் விழுந்து எப்படியும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகிற விதையைப் பொறுக்குங்கள். நடத் தகுதியான முழங்கால் உயரம் வர ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும் இனங்கள் உண்டு, எனவே நாற்றங்கால் வேலை நடவுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2000களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து இதையே செய்துவருகிறது. நாட்டு மரக் கன்றுகளும் எதை எங்கே நடுவது என்ற அனுபவமும் அங்கே உண்டு. தனியாகத் தொடங்குவதைவிட அவர்களைக் கேட்டுத் தொடங்குவது மேல்.

குழி ஓரடிக்கு ஓரடி, ஆழமும் ஓரடி போதும். குழியெடுப்பை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மழை பிடித்தபின் சருகைக் கிளறினால் நீங்கள் காக்கப்போன முட்டையையே மண்வெட்டியால் புரட்டுவீர்கள். இதே காரணத்தால்தான் சோலையின் உள்பகுதியில் நடவே வேண்டாம் என்கிறேன், அங்கே இயற்கையாக வரும் நாற்றுகள் போதும். நட்ட பிறகு முதல் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் மட்டும் களை எடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் விட்டால் மொத்தப் பட்டையையும் மொட்டையடித்துச் சுத்தமாக்கிக் காட்டுவார், அளவைச் சொல்லிவிடுங்கள். காட்டுமாடு சில கன்றுகளை மேயும், யானை சிலதை மிதிக்கும். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் 150 கூடுதல் கன்று. வேலி போடாதீர்கள்.

உண்ணிச்செடி பற்றிக் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்நியச் செடிதான், அகற்றத்தான் வேண்டும். ஆனால் விளிம்பில் மரம் இல்லாத இடத்தில் அந்தப் புதர்தான் இப்போதைக்குக் காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே கோடையில் முழுவதையும் பிடுங்கினால் நட்ட கன்று உயரும்வரை அந்தப் பக்கம் திறந்தே கிடக்கும். மூன்றில் ஒரு பங்கு அகற்றி, அங்கே நட்டு, அது தோளுயரம் வந்தபின் அடுத்த பங்கு. ரொபஸ்டா காப்பி வேறு கதை. பழத்தைத் தின்ற புனுகுப்பூனையும் குரங்கும் விதையைச் சோலைக்குள் கொண்டுவந்து போட, அடித்தளத்தில் காப்பி நாற்றே காடாக நிற்கிற துண்டுகள் வால்பாறையில் உண்டு. இதைச் சிறு நாற்றாக இருக்கும்போதே, கோடையில், கையால் பிடுங்குங்கள். மீசாப்சிஸ் என்ற ஆப்பிரிக்கக் குடைமரமும் அப்படியே பரவும். அதில் பெரிய மரத்தை வெட்டி விதானத்தில் ஓட்டை போடாமல், நாற்றை மட்டும் எடுத்து வாருங்கள்.

சோலைக்குள் செய்ய வேண்டியது என்று பார்த்தால் பெரும்பாலும் செய்யாமல் இருப்பதுதான். சருகைக் கூட்டி அள்ளக்கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே உளுக்கட்டும். மழையற்ற மாதங்களில் தவளை ஒளிந்து பிழைப்பது அந்த மரத்தடியிலும் சருகுக்கு அடியிலும்தான். பழைய ஏலத்தோட்டமாக இருந்து ஆண்டுதோறும் அடிச்செடிகளைச் செதுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். குறிஞ்சி வகைப் புதர்களும் சூரலும் தானாக எழும், புதர்த்தவளை ஆண்கள் உட்கார்ந்து கத்துவது அந்த இடுப்புயரச் செடிகளில்தான். விறகு பெரிய சிக்கல். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களிடம் ‘விறகு எடுக்காதே’ என்று பலகை வைப்பதால் அடுப்பு எரியாது. நிழல்மரக் கவ்வாத்தில் விழும் சில்வர் ஓக் கிளைகளைத் தோட்டமே துண்டாக்கி வீட்டுப் பக்கம் கொண்டுபோய்க் குவித்தால், தலையில் சுமந்து சோலையிலிருந்து கொண்டுவர யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

தேயிலைக்கு மருந்து அடிக்கும் முறையை மாற்றுவதுதான் என் கணக்கில் மரநடவைவிட அவசரமானது, நாளைக்கே செய்யக்கூடியதும்கூட. தவளை தோல் வழியாக நீரை உறிஞ்சும், அதே வழியில் மருந்தும் உள்ளே போகும். களைக்கொல்லியில் மூல மருந்தைவிட, இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பசைப்பொருள் தவளைகளுக்குக் கூடுதல் நஞ்சாக இருப்பதைக் கிளைபோசேட் கலவைகளில் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ‘இது பாதுகாப்பான மருந்து’ என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பித் தவளைக்கும் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்ட முடியாது. சோலையை ஒட்டியும் ஓடையை ஒட்டியும் குறைந்தது 10 மீட்டர், முடிந்தால் 20 மீட்டர், மருந்தில்லாப் பட்டையாக விடுங்கள். அதில் களையைக் கையால் எடுக்க வேண்டும். அதற்கடுத்த பகுதியில் விசைத்தெளிப்பான் வேண்டாம், கைத்தெளிப்பான் போதும், தெளிப்பானின் மூக்கு தாழ்ந்திருக்கட்டும், காற்று சோலைப் பக்கம் வீசும் நேரத்தில் அடிக்கவேண்டாம். எல்லைக்கு எளிய அடையாளம், கடைசி வரிசைக் கம்பங்களில் சிவப்பு பெயின்ட். கங்காணி மாறினாலும் கம்பம் மாறாது. டாங்கியை ஓடையில் கழுவும் பழக்கம் இருந்தால், தோட்டத்துக்குள் ஒரு கழுவுமேடையும் கழிவுக்குழியும் கட்டுங்கள். யூரியாவையும் அந்தப் பட்டைக்குள் எறியாதீர்கள்.

அடுத்தது இணைப்பு. நூறு மீட்டர் தேயிலை என்பது இரண்டு சென்டிமீட்டர்த் தவளைக்குக் கடல். இடையில் அங்கங்கே நாலு மரம் நட்டுத் திட்டுத்திட்டாக விட்டால் பறவை பயன்படுத்திக்கொள்ளும், புதர்த்தவளைக்கு அது நம்பகமானதல்ல. தொடர்ச்சியான நிழலும் சருகும் வேண்டும். நல்ல வேளையாக அதற்கான வழி நிலத்திலேயே இருக்கிறது: ஓடை. இரு கரையிலும் 10 மீட்டர் தேயிலையை விட்டுக்கொடுத்து நாட்டு மரமும் அடிச்செடியும் வளரவிட்டால், கீழேயுள்ள அடுத்த சோலைவரை ஈரமான நடைபாதை கிடைத்துவிடும். ஓடைக்கரைத் தேயிலை பெரும்பாலும் விளைச்சல் குறைந்த, சரிவில் கொழுந்தெடுக்கச் சிரமமான பகுதி என்பதால் நிர்வாகத்திடம் கேட்பது எளிது. சோலைக்குப் பக்கத்தில் காப்பி இருந்தால் அதன் நாட்டு நிழல்மரங்களை வெட்டி ஒரே சில்வர் ஓக் ஆக்காமல் காப்பதும் இதே பலனைத் தரும்.

சாலை குறுக்கே போனால் மழை மாலைகளில் ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை தோட்ட வண்டிகளைக் குறையுங்கள். ஆனைமலைச் சாலைகளில் ஊர்வனவும் தவளைகளும் அடிபட்டுச் சாவதைப் பற்றி 2001லேயே ஆய்வு வெளிவந்திருக்கிறது, பிரச்சினை புதிதல்ல. சோலை விளிம்பிலுள்ள தெருவிளக்கு மஞ்சள் ஒளியில், தரையைப் பார்த்து, தேவையான நேரம் மட்டும் எரியட்டும்.

‘பிடித்து வளர்த்துப் பெருக்கி விடுவது’ உலகில் சில தவளை இனங்களுக்குக் கடைசிப் புகலாகப் பயன்பட்டிருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே வாழிடமோ நோயோ கைமீறிப் போயிருந்தது. இங்கே வாழிடம் கண்முன் இருக்கிறது, அதைச் சரிசெய்ய முடிகிறது. வளர்த்த தவளையை அதே காய்ந்த விளிம்புக்குள் விட்டால் அதே காரணத்தால் சாகும். பக்கத்துத் துண்டிலிருந்து பத்துத் தவளையைக் கொண்டுவந்து விடுவது இன்னும் ஆபத்து. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் வேறு இனத்தைக் கலந்துவிடலாம், கூடவே நோயையும் கொண்டுவரலாம். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையில் பதிவாகியிருக்கிறது. மத்திய அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது செய்த பேரழிவு இங்கே இதுவரை காணப்படவில்லை என்பதற்காக அலட்சியம் வேண்டாம். தவளையைப் பிடிப்பது, மாதிரி எடுப்பது, இடம் மாற்றுவது எதுவானாலும் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

நோய்த் தடுப்புக்குச் சோலைக்குள் போகிற ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது பூட்ஸ் சுத்தம். முதலில் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்து எடுக்க வேண்டும். சேறு இருக்கும்போது மருந்தில் முக்கினால் சேற்றிலேயே அதன் வீரியம் செத்துப்போகும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வாளியில் காலை நனைத்துக்கொண்டு போவதுதான் பரவலாக நடக்கிறது. 4–5 சதவீத ப்ளீச்சை ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீரில் கலந்தால் ஏறத்தாழ 1 சதவீதம் வரும். அதில் ஒரு நிமிடமாவது நனைய வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட வேண்டும். கரைசலை அன்றன்று கலக்குங்கள், மீந்ததை ஓடைப் பக்கம் ஊற்றாதீர்கள். அனுமதி பெற்ற ஆய்வாளர் தவளையைத் தொட்டால் ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை போட வேண்டும்.

கடைசியாக, செய்தது பலித்ததா என்று தெரிய வேண்டுமே. சோலைக்குள் நிலையான எட்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், விளிம்பில் நான்கு, உள்ளே நான்கு. சூரியன் மறைந்து அரைமணி கழித்துத் தொடங்கி, ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடம் விளக்கை அணைத்துக்கொண்டு கேட்க வேண்டும். எத்தனை ஆண் தவளை கத்துகிறது, வெப்பம் என்ன, கடைசியாக மழை பெய்து எத்தனை மணிநேரம் ஆயிற்று என்று எழுதுங்கள். மழையை எழுதாத கணக்குக்கு மதிப்பில்லை. போன ஆண்டு மழையிரவில் முப்பது, இந்த ஆண்டு காய்ந்த இரவில் மூன்று என்றால் தவளை அழிந்துவிட்டதாக ஆகாது. கத்துவது ஆண் மட்டும் என்பதால் இது மொத்தத் தொகையும் இல்லை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட ஒரு அளவுகோல், அவ்வளவே.

கேட்கவில்லை என்றால் இல்லை என்றும் ஆகாது. ஓரிடத்தில் தவளை இருந்தும் ஒரு முறை போனால் கேட்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்று வைப்போம். மூன்று முறை போயும் தவறவிட 0.6 × 0.6 × 0.6, அதாவது 22 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து முறை போனால் அது 8 சதவீதமாகக் குறையும். ஆகவே ஒரு பருவத்தில் ஒவ்வோரிடத்துக்கும் ஐந்து வருகையாவது வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் இரவிரவாக ஆள் போக முடியாது என்றால் ஆடியோமாத் போன்ற ஒலிப்பதிவுக் கருவியை மரத்தில் கட்டிவிடலாம். மாலை 6 முதல் நள்ளிரவுவரை பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிந்தால் இரவுக்கு 36 பதிவு. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிமிடம் 5.76 எம்பி, ஓர் இரவுக்கு 207 எம்பி. 32 ஜிபி அட்டையில் நூற்றைம்பது இரவு கொள்ளும், பேட்டரிதான் அதற்கு முன்பே தீரும். டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடாவிட்டால் வால்பாறை ஜூலையில் கருவி நனைந்து கெடும். கூரைத் தகரத்துக்குப் பக்கத்திலோ பேரிலைக்குக் கீழேயோ கட்டினால் மழைத்துளிச் சத்தம் மட்டுமே பதியும்.

மரம் வளர்ந்து விளிம்பு மூட ஐந்தாறு ஆண்டாவது ஆகும் என்பதால் தவளைக் கணக்கில் உடனே மாற்றம் தேடாதீர்கள். முதலில் மாற வேண்டியது லாகர் காட்டும் மார்ச் மாதப் பிற்பகல் ஈரப்பதம். அது உயர்ந்தபின், முன்பு சத்தமே இல்லாத விளிம்பு இடங்கள் நான்கில் ஒன்றிலாவது ஆண் தவளை கத்தத் தொடங்கினால் வேலை சரியான பாதையில் போகிறது.

இன்னொன்று. தவளை இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை எங்கும் வெளியிடாதீர்கள், வெளியிடும் படத்திலிருந்தும் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மேக்ரோ லென்ஸோடு வருகிற கூட்டம் ஒரு தவளைக்காகச் சுற்றிலும் உள்ள சருகை மிதித்துத் தள்ளிவிடும். அனுமதித்தே ஆக வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள பாதையில் மட்டும், ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம், இலையை விலக்கித் தேடக்கூடாது, பூட்ஸ் கழுவாமல் உள்ளே விடக்கூடாது.